வீட்டில் ஒருவருக்குக் கொரோனா உறுதியானால்: மலை ஊர்களில் உடன் இருந்தவர்களுக்கான 7 நாள் வழிகாட்டி

வீட்டிலோ, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனிலோ ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால், அவரை எப்படிக் கவனிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட இருந்தவர்கள் எத்தனை நாள் ஒதுங்கியிருக்க வேண்டும், எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், விடுப்புக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. இந்தக் கட்டுரை அந்தக் கூட இருந்தவர்களுக்கானது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களின் குளிரையும் உயரத்தையும் வீட்டு அமைப்பையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். சமவெளிக்காரர்களுக்கு எழுதிய குறிப்பை இங்கே அப்படியே பின்பற்றினால் சில இடங்களில் தவறு நேரும். அந்த இடங்களில் நிதானமாகப் படியுங்கள்.

1. நீங்கள் ‘தொடர்பில் இருந்தவர்’தானா?

தொற்று உறுதியானவருக்கு அறிகுறி தொடங்கிய நாளுக்கு 2 நாள் முன்பிலிருந்து கணக்கில் எடுங்கள். அறிகுறியே இல்லாதவர் என்றால் சோதனைக்கு மாதிரி கொடுத்த நாளுக்கு 2 நாள் முன்பிலிருந்து. அந்த நாள்களில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரு மீட்டருக்குள் 15 நிமிடமாவது இருந்தவர்கள், அவருடைய எச்சில் பட்ட பாத்திரத்தையோ படுக்கையையோ பாதுகாப்பில்லாமல் கையாண்டவர்கள் எல்லோரும் தொடர்பில் இருந்தவர்கள்.

மலையில் பலர் விட்டுவிடும் இடங்கள்: கண்ணாடி ஏற்றிய ஷேர் ஜீப்பிலும் மினி பஸ்ஸிலும் பக்கத்து இருக்கை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசை, தேயிலை பேக்டரியில் ஒரே ஷிப்ட், சாவு வீட்டில் இரவு முழுக்க உட்கார்ந்தது. தோட்டத்தில் இரண்டு நிரை தள்ளி நின்று கொழுந்து எடுத்ததற்குப் பயம் வேண்டாம், அது திறந்தவெளி. அதே இருவர் மழைக்கு ஷெட்டில் ஒதுங்கி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் அது தொடர்பு.

தொடர்பில் இருந்தவரோடு மட்டும் பழகியவருக்குத் தனிமை தேவையில்லை. உங்கள் கணவருடன் வேலை செய்பவருக்குப் பாசிட்டிவ் என்றால் கணவர் ஒதுங்கியிருக்க வேண்டும். அவருக்கு அறிகுறி வரும்வரை நீங்களும் பிள்ளைகளும் வழக்கம்போல இருக்கலாம்.

2. நாளை எண்ணுவது

அதிகமான தவறு நடப்பது இங்கேதான்.

2020இல் 14 நாள் என்று இருந்தது. 2022 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டுத் தனிமை நெறிமுறையைத் திருத்தியது. லேசான தொற்றோ அறிகுறி இல்லாத தொற்றோ உள்ளவர், பாசிட்டிவ் ஆனதிலிருந்து குறைந்தது 7 நாள் கடந்து, கடைசி 3 நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லாமல் இருந்தால் தனிமையை முடிக்கலாம் என்று ஆனது. மறுபடி சோதிக்கத் தேவையில்லை. தொடர்பில் இருந்தவர்களுக்கும் 7 நாள் என்ற கணக்கே நடைமுறைக்கு வந்தது. உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியின் 7 நாளும் உங்கள் 7 நாளும் வேறு வேறு. அவருடையது பாசிட்டிவ் ஆன நாளிலிருந்து ஓடுகிறது. உங்களுடையது அவரோடு கடைசியாக நெருங்கி இருந்த நாளிலிருந்து ஓடுகிறது. கடைசியாகப் பழகிய நாள் பூஜ்யம், மறுநாள்தான் 1.

ஓர் உதாரணம். அண்ணனுக்கு வியாழக்கிழமை காய்ச்சல். சனிக்கிழமை காலை மாதிரி கொடுக்கிறார். அன்று மதியம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள். சாயங்காலம் அவர் தனி அறைக்குப் போகிறார். ஞாயிறு இரவு முடிவு வருகிறது. உங்களுக்குப் பூஜ்யம் நாள் சனிக்கிழமை. ஞாயிறு 1, அடுத்த சனி 7. அதற்கடுத்த ஞாயிறு காலை நீங்கள் வெளியே வரலாம். காய்ச்சல் வந்த வியாழனிலிருந்து எண்ணினால் 2 நாள் முன்கூட்டியே வெளியே வந்துவிடுவீர்கள். முடிவு வந்த ஞாயிற்றிலிருந்து எண்ணினால் ஒரு நாள் கூலி வீணாகப் போகும்.

அண்ணனைப் பிரிக்கவே இல்லை, ஒரே அறையில் படுக்கிறீர்கள் என்றால்? உங்கள் ‘கடைசி நாள்’ தினமும் தள்ளிப் போகும். அவருக்கு 7 நாள் முடிந்த பிறகுதான் உங்கள் எண்ணிக்கையே தொடங்கும், மொத்தம் 14 நாள் ஆகிவிடும். தினக்கூலி வீட்டுக்கு இது பெரிய அடி. அதனால் முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். மாதிரி கொடுத்த அன்றே பிரித்துவிடுங்கள். நெகடிவ் வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மட்டும் கணக்கு கடைசியில்தான் தொடங்கும். எனவே பார்த்துக்கொள்ள ஒரே ஆளை நிறுத்துங்கள். ஆளை மாற்றி மாற்றி வைத்தால் ஒவ்வொருவருக்கும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். அந்த ஒருவர் 60 வயதுக்குக் கீழே, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இல்லாதவராக, தடுப்பூசி போட்டவராக இருப்பது நல்லது.

5ஆம் நாளில் வீட்டில் இன்னொருவருக்குப் பாசிட்டிவ் என்றால், மிச்சமிருப்பவர்களுக்கு அந்த இரண்டாம் ஆளோடு கடைசியாகப் பழகிய நாள்தான் புதிய பூஜ்யம். தொடர்பில் இருந்தவர்களும் தங்களுக்குள் இடைவெளி விட்டு, தனித்தனியே சாப்பிட்டு இருந்தால் இந்தச் சங்கிலி நீளாது. காலண்டரில் ஒவ்வொருவர் பெயருக்கும் தனி வரிசை போட்டு எழுதி வையுங்கள். வாய்க்கணக்கு மூன்றாம் நாளே குழம்பிவிடும்.

3. முதல் நாளே செய்ய வேண்டிய போன்களும் காகிதங்களும்

முதலில் கிராம சுகாதார செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் 104க்கு அழைக்கலாம், அது மாநில அரசின் சுகாதார உதவி எண். அடுத்தது வேலை செய்யும் இடம், பிள்ளைகளின் பள்ளி. தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். மேஸ்திரியிடம் வாய்மொழியாகச் சொன்னது ஆபீஸ் பதிவேட்டில் ஏறும் என்று நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள், தேதியோடு அது சாட்சியாக நிற்கும்.

சேர்த்து வைக்க வேண்டியவை: நோயாளியின் சோதனை முடிவு, அதை உங்கள் போனிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லோருடைய ஆதார். காப்பீட்டு அட்டை இருந்தால் அது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துச் சீட்டுகள். சோதனைக்கு மாதிரி கொடுக்கும்போது எந்தப் போன் எண் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். முடிவு அந்த எண்ணுக்குத்தான் வரும். சிக்னல் கிடைக்காத எஸ்டேட்டில் இருக்கும் ஆளின் எண்ணைக் கொடுத்துவிட்டு 2 நாள் காத்துக்கிடப்பது வழக்கமாக நடக்கிறது. டவர் எடுக்கும் இடத்தில் இருக்கும் உறவினரின் எண்ணை, அவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மாநில அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வழியாக வாங்குபவர்கள் வீட்டில் தொற்று இருப்பதை முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை வாசலில் வைத்துவிட்டுப் போவார். சொல்லாமல் அவரை உள்ளே அழைத்தால் அவர் அடுத்துப் போகும் முதியவர்களின் வீடுகளுக்கும் ஆபத்து.

ரேஷனுக்காக வெளியே போக வேண்டாம். கைரேகை வைக்கும் வரிசை நெருக்கமானது. 7 நாள் கழித்து அந்த மாதத்துக்குள் போய் வாங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசி நெருங்கிவிட்டால் அட்டையில் பெயருள்ள, தொடர்பில் இல்லாத ஒருவரை அனுப்புங்கள்.

4. அறையைப் பிரிப்பது

ஜன்னல் உள்ள அறை நோயாளிக்கு. கழிப்பறை ஒட்டிய அறை என்றால் இன்னும் நல்லது. இரண்டையும் சேர்த்துப் பெற முடியாவிட்டால் ஜன்னலுக்கே முதலிடம் கொடுங்கள். இந்த வைரஸ் மூடிய அறையின் காற்றில் தங்கிப் பரவுகிறது.

மலை வீடுகளின் சிக்கல் இதுதான். மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும்போது ஜன்னலைத் திற என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாள் முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. மணிக்கு ஒருமுறை 10 நிமிடம், எதிரெதிர் ஜன்னலையோ, ஜன்னலையும் வெளிக்கதவையுமோ சேர்த்துத் திறங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று நகராது. காலை 11 மணியிலிருந்து மதியம் 2 வரை வெயில் இருந்தால் முழுக்கத் திறந்து வையுங்கள். திறக்கும் 10 நிமிடமும் நோயாளி கம்பளி போர்த்திக்கொள்ளட்டும். நோயாளியின் அறையிலிருந்து வீட்டுக்குள் திறக்கும் கதவு அந்த நேரத்தில் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அறைக் காற்று கூடத்துக்கு வரும்.

கரி அடுப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தனி அறையில் குளிர்கிறது என்று கரியோ விறகோ போட்ட அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வாயு ரத்தத்தில் ஏறியவருக்கு ரத்த ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல அளவையே காட்டும், ஏனென்றால் அந்தக் கருவிக்கு ஆக்சிஜனையும் அந்த வாயுவையும் பிரித்தறியத் தெரியாது. தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் கொரோனா அறிகுறி என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். மூடிய குளியலறையில் இயங்கும் கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை. சூட்டுக்கு வெந்நீர்ப் பையும், கம்பளியும், கரண்ட் ஹீட்டரும் போதும். ஹீட்டர் பக்கத்தில் துணி காயப்போடாதீர்கள்.

லைன் வீட்டில் எப்படி? இரண்டே அறை, பொதுக் குழாய், பல இடங்களில் பொதுக் கழிப்பறை. அங்கே செய்யக்கூடியது இது. முன்னறை நோயாளிக்கும் அவரைப் பார்ப்பவருக்கும், பின்னறையும் சமையலும் மற்றவர்களுக்கு. நுழைவுக்கு இரண்டு கதவு இருந்தால் ஆளுக்கொன்று. ஒரே கதவு என்றால் நோயாளி பின்னறையில் இருக்கட்டும், ஏனென்றால் முன்னறை வழியாக எல்லோரும் போக வேண்டியிருக்கும். காலியான வீடு லைனில் இருந்தால் தோட்ட ஆபீசில் கேளுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் கர்ப்பிணியையும் அங்கே மாற்றுவது, நோயாளியை மாற்றுவதைவிட நல்லது. தனியாக விடப்பட்ட நோயாளிக்கு இரவில் மூச்சுத் திணறினால் தெரியாமல் போய்விடும். ஆனால் இடம் மாறும் முதியவரும் தொடர்பில் இருந்தவர்தான். அவரை வேறு உறவினர் வீட்டுப் பிள்ளைகளோடு போய்ப் படுக்க வைத்தால் தொற்று அந்த வீட்டுக்கும் போகும்.

முதியவர்களைச் சொந்த ஊருக்கு, ஹட்டிக்கு (படகர் ஊர்), கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. பஸ்ஸில் போகும் வழியிலும் போய்ச் சேரும் வீட்டிலும் பரவும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும் தாய்க்குத் தொற்று என்றால் கைகழுவி, முகக்கவசம் போட்டுத் தொடர்ந்து கொடுக்கலாம். நிறுத்த வேண்டாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முகக்கவசம் போடக் கூடாது.

5. கழிப்பறை, சாப்பாடு, குப்பை

ஒரே கழிப்பறை என்றால் நோயாளி கடைசியில் போகட்டும். வந்ததும் ஜன்னலைத் திறந்து, தொட்ட இடங்களைத் துடைத்து, அரை மணி நேரம் விட்டு மற்றவர்கள் போகலாம். பொதுக் கழிப்பறையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. லைனில் உள்ளவர்களிடம் பேசி ஒரு கதவை அந்த வீட்டுக்கென்று ஒதுக்கிக் குறி போடுங்கள். கூச்சத்தில் இதைச் சொல்லாமல் விடுவதால்தான் லைன் முழுக்கப் பரவுகிறது. கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக விடியுமுன் இருட்டில் வெளியே போகாதீர்கள். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கங்களில் அந்த நேரம் காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம்.

துடைக்க 1 சதவீதக் குளோரின் கரைசல் வேண்டும். 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 30 கிராம், 1 லிட்டர் தண்ணீர். கரைத்து, தெளிந்ததும் மேலே உள்ள நீரை மட்டும் எடுங்கள். தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும், நேற்றைய கரைசலில் வீரியம் இருக்காது. டப்பா ஈரம் குடித்துக் கட்டியாகியிருந்தால் பவுடரே வீரியம் இழந்திருக்கும். மழைக்காலத்தில் மலையில் இது சீக்கிரம் நடக்கும். எனவே சிறிய பாக்கெட்டாக வாங்கி இறுக்கி மூடி வையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

சாப்பாட்டை நோயாளியின் வாசலில் வைத்துவிட்டுப் போவது சமவெளியில் சரி. வெளிவாசலில் வைத்தால் இங்கே குரங்கு எடுத்துப் போய்விடும். மூடியுள்ள தூக்குப்போசியில் போட்டு, கதவைத் தட்டி, அவர் கதவைத் திறந்து எடுக்கும்வரை 2 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அவருடைய தட்டையும் டம்ளரையும் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவினால் போதும், தூக்கி எறிய வேண்டியதில்லை.

பயன்படுத்திய முகக்கவசங்களைத் துண்டாக வெட்டி, காகிதப் பையில் போட்டு 72 மணி நேரம் வைத்துப் பிறகு குப்பையில் சேருங்கள். அந்தப் பையைத் திண்ணையில் வைக்காதீர்கள். சாப்பாட்டு மிச்சத்தோடு சேர்த்துக் கட்டினால் இரவில் கரடியைக் கூப்பிடுவது போலாகும். நோயாளியின் அறைக்குள்ளேயே மூடி போட்ட வாளியில் இருக்கட்டும்.

மூன்றடுக்கு முகக்கவசம் 8 மணி நேரம் தாங்கும் என்பது உலர்ந்த ஊருக்கான கணக்கு. நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். மூடுபனி நாளில் வாசலில் சற்று நேரம் நின்றாலே ஈரமாகிவிடும். எண்ணிக்கையைக் கூட்டி வாங்குங்கள். பார்த்துக்கொள்பவர் நோயாளியின் அறைக்குள் போகும்போது இருவரும் என்95 போட வேண்டும்.

6. வாங்கி வைக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, ஆக்சிமீட்டர் ஒன்று, அதற்கு மாற்று பேட்டரி, என்95 முகக்கவசம் 10, மூன்றடுக்கு 50 கொண்ட ஒரு பெட்டி, பாராசிட்டமால் 650 ஒரு அட்டை, ஓஆர்எஸ் பாக்கெட், பிளீச்சிங் பவுடர், சோப்பு. இதில் விலை கூடியது ஆக்சிமீட்டர்தான். லைனில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கை மாறும்போது ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுங்கள். வீட்டிலேயே செய்யும் ஆன்டிஜென் கிட்டும் மருந்துக்கடையில் கிடைக்கும். 2021இல் முதலில் வந்த கோவிசெல்ஃப் கிட்டின் விலை 250 ரூபாய்.

வாங்க வேண்டாதவை: ஆன்டிபயாட்டிக், ஸ்டீராய்டு மாத்திரை, பழைய சீட்டில் இருந்த ‘கொரோனா கிட்’. தொடர்பில் இருந்தவருக்கு மருந்தே தேவையில்லை. மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு எடுத்தால் சர்க்கரை ஏறும், தொற்றும் முற்றும். எல்லோரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆவி பிடிப்பது, இல்லாதவருக்கும் தொற்றைக் கொடுக்கும் வழி.

7. எப்போது சோதிப்பது

அறிகுறி வந்தால் அன்றே. அறிகுறி இல்லாதவர் என்றால் 60 வயதுக்கு மேல், அல்லது சர்க்கரை, ரத்த அழுத்தம், நுரையீரல், சிறுநீரக நோய், புற்றுநோய், அதிக உடல் எடை உள்ளவர்கள் மட்டும் சோதித்தால் போதும் என்பது 2022 ஜனவரியில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வெளியிட்ட முறை. அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது.

கடைசித் தொடர்புக்கு மறுநாளே ஓடிப்போய்ச் சோதித்து, நெகடிவ் சீட்டைக் காட்டி வேலைக்குப் போவதுதான் எல்லாத் தவறிலும் பெரிய தவறு. உடலில் வைரஸ் பெருகச் சில நாள் ஆகும். அதற்குள் எடுத்த சோதனையில் அகப்படாது. 5ஆம் நாளை ஒட்டி எடுங்கள். அப்போது நெகடிவ் வந்தாலும் 7 நாளை முடித்தே ஆக வேண்டும்.

வீட்டுக் கிட்டைப் பொறுத்தவரை, குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்தவுடன் செய்யாதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். 15 நிமிடத்தில் பாருங்கள். 20 நிமிடத்துக்குப் பிறகு தோன்றும் கோட்டுக்கு மதிப்பில்லை. பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான், மறு சோதனை வேண்டாம். அறிகுறி இருந்தும் நெகடிவ் என்றால் ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் சோதனை எடுக்க வேண்டும். சோதனைக்குப் போகும்போது ஷேர் ஜீப்பில் ஏறாதீர்கள். சொந்த வண்டி இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வாடகை வண்டிதான் என்றால் ஓட்டுநரிடம் உண்மையைச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, பின்னால் உட்காருங்கள்.

8. ஆக்சிஜன் அளவு: உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ரத்தத்தில் ஏறும் ஆக்சிஜனும் சற்றுக் குறைவு. கீழே 98, 99 காட்டும் ஆளுக்கே இங்கே 95, 96 காட்டுவது இயல்பு. கூடலூர் இதில் பாதி உயரம்தான், அங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

ஆகவே அறிகுறி எதுவும் வருமுன், முதல் நாளிலேயே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அளந்து எழுதி வையுங்கள். அதுதான் அவரவர் அடிப்படை அளவு. பிறகு அதிலிருந்து 3 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் பேசுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் 3 முறை அளந்தும் 93 அல்லது அதற்குக் கீழே என்றால் உடனே மருத்துவ உதவி என்பது பொது விதி. ‘இது மலை, இங்கே அப்படித்தான் காட்டும்’ என்று நீங்களாக முடிவு செய்து அந்த எண்ணை ஒதுக்காதீர்கள். அடிப்படை அளவு கையில் இருந்தால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் முடிவெடுப்பார். இல்லாவிட்டால் அவருக்கும் ஊகம்தான்.

குளிர்ந்த விரலில் கருவி பொய் சொல்லும். தண்ணீரில் கை வைத்துவிட்டு வந்தவுடன் அளந்தால் 88 என்றுகூடக் காட்டி வீட்டையே கலங்கடிக்கும். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வைத்து, எண் நிலையாகும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலாக இருக்கட்டும். காலை, மதியம், இரவு என்று 3 முறை, உடல் சூட்டோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பகுதியிலும் நீலகிரியின் பழங்குடி ஊர்களிலும் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்) உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆக்சிஜன் குறைவதே கடும் வலியையும் ஆபத்தையும் கொண்டுவரும். கருவி காட்டும் அளவும் நம்பகமாக இருக்காது. அவர்கள் தொடர்பில் இருந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.

9. எப்போது கிளம்புவது

மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம், குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழாத அசதி, நிமிடத்துக்கு 24க்கு மேல் மூச்சு, 3 நாளுக்கு மேல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், மேலே சொன்ன ஆக்சிஜன் இறக்கம். இதில் எது இருந்தாலும் 108.

மலையில் நேரக் கணக்கு வேறு. எஸ்டேட் மண் ரோட்டில் ஆம்புலன்ஸ் ஏறி வரவே நேரமாகும். அரசு மருத்துவமனைகள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் ஊர்களில் இருக்கின்றன. அங்கிருந்து கோயம்புத்தூருக்கோ திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ அனுப்பினால் இன்னும் சில மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். ஆகவே ‘காலையில் பார்க்கலாம்’ என்ற பேச்சு இங்கே கூடாது. சாயங்காலம் 5 மணிக்கே எண் இறங்கத் தொடங்கினால், இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள். ரோட்டிலிருந்து வீடு தள்ளி இருந்தால் நடக்க வைக்காதீர்கள், நாற்காலியில் தூக்கி வாருங்கள். ஏற்றத்தில் நடந்தால் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். 108க்கு அழைக்கும்போது எஸ்டேட் பெயர், டிவிஷன், பக்கத்துப் பஸ் நிறுத்தம் மூன்றையும் சொல்லுங்கள். இந்த மூன்றையும் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டி வைத்தால், பதற்றத்தில் பிள்ளைகூடப் படித்துச் சொல்லிவிடும்.

மருத்துவரிடம் நேரில் போக முடியாத சாதாரணச் சந்தேகங்களுக்கு இ-சஞ்சீவனி என்ற அரசின் ஆன்லைன் மருத்துவ ஆலோசனையில் இலவசமாகக் கேட்கலாம், சிக்னல் இருந்தால்.

10. கூலி, விடுப்பு, கொழுந்து

நோயாளிக்குச் சோதனை முடிவே சான்று. தொடர்பில் இருந்தவருக்கு அப்படி ஒன்று தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ தோட்ட மருத்துவரிடமோ சான்று கேட்கும்போது 3 விவரம் அதில் இருக்கிறதா பாருங்கள்: கடைசித் தொடர்பு தேதி, தனிமை முடியும் தேதி, நோயாளியோடு உங்கள் உறவு. தனிமை முடிந்த பிறகு கேட்டால் பின்தேதியிட்டுத் தர மருத்துவர்கள் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. முதல் 2 நாளுக்குள் போனில் பேசிப் பதிவு செய்து வையுங்கள்.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) அட்டை உள்ளவர்களுக்கு நோய்க்காலப் பணமாகச் சராசரிக் கூலியில் 70 சதவீதம் உண்டு. அதற்குப் பங்களிப்புக் காலம் எனப்படும் 6 மாதத்தில் 78 நாள் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் 2 நாளுக்குப் பணம் வராது. ஆனால் அது நோய்க்கான பணம். அறிகுறியில்லாமல் ஒதுங்கியிருப்பவருக்குச் சான்று கிடைப்பது ஈஎஸ்ஐ மருத்துவரைப் பொறுத்தது. அதையே நம்பியிருக்காமல் நிர்வாகத்திடம் சம்பள விடுப்பு பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கான நோய்ப்படிக்கும் மருத்துவர் சான்றுதான் ஆதாரம்.

சொந்தத் தேயிலை வைத்திருப்பவர்களின் கவலை வேறு. 7 நாள் தள்ளினால் கொழுந்து முற்றிப்போகும், பேக்டரியில் தரம் குறைந்ததென்று விலை குறைப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் மாற்றாள் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூட்டையை ரோட்டோரம் வைத்து, எடையை ஏஜென்ட் போனில் சொல்லட்டும், சீட்டைப் படமெடுத்து அனுப்பட்டும். நீங்கள் நிறுக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். கொடைக்கானல் பக்கம் கேரட், பூண்டு லோடு ஏற்றுபவர்களுக்கும் இதேதான். வண்டிக்குள் ஓட்டுநரோடு உட்கார்ந்து ஒட்டன்சத்திரம் வரை போவது 15 நிமிடத் தொடர்பைவிடப் பல மடங்கு.

சாவு விழுந்தால் போகாமல் இருப்பது நம் ஊரில் எவ்வளவு கடினம் என்பது தெரியும். போனில் பேசுங்கள், ஒருவர் வழியாகச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். காரியத்துக்கு 7 நாள் முடித்துப் போகலாம்.

சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் தொடர்பில் இருந்ததாகத் தெரியவந்தால், காட்டேஜ்காரரிடம் மறைக்காதீர்கள். சொந்த வண்டியில் வந்து, அறிகுறியும் இல்லாதவர்கள், வழியில் ஹோட்டலில் இறங்காமல் நேரே வீட்டுக்குப் போகலாம். பஸ்ஸிலும் மலை ரயிலிலும் ஏற வேண்டாம்.

11. வெளியே வரும் நாள்

உங்கள் காலண்டர் வரிசையில் 7 முடிந்து, காய்ச்சல், இருமல், தொண்டை வலி எதுவும் இல்லையென்றால் மறுநாள் காலை வேலைக்குப் போகலாம். நெகடிவ் சீட்டு கொண்டு வா என்று வேலையிடத்தில் கேட்டால், மருத்துவர் சான்றில் உள்ள முடிவுத் தேதியைக் காட்டுங்கள். சிலருக்கு அறிகுறி 7 நாளுக்குப் பிறகும் தொடங்குவதுண்டு. அதனால் அடுத்த 3 நாள் முதியவர்கள் இருக்கும் வீட்டிலும், ஜீப்பிலும், நிறுக்கும் இடத்திலும் முகக்கவசம் போடுங்கள். இருமல் மட்டும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், கொரோனாவின் மிச்சம் என்று விடாமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், காசநோயும் அப்படித்தான் தொடங்கும்.

அறையைக் காலி செய்யும்போது போர்வை, கம்பளிகளை உதறாமல் சுருட்டி எடுத்து, துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் வெயில் வரும்வரை 3 நாள் தனியே கட்டி வைத்துப் பிறகு துவைத்தால் போதும். ஆக்சிமீட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஈரத்தில் பேட்டரி கசிந்தால் அடுத்த முறை தேவைப்படும்போது கருவி வேலை செய்யாது.